டிரைவர் கட்டிலுக்கு மேலே

அம்மா போன பிறகு வீட்டுக்கு வந்தவர்கள் ஒரே வார்த்தைகளைத்தான் சொன்னார்கள். உழைப்பாளி. யாரையும் ஒரு சொல் சொல்லாதவள். தலையாட்டிக் கேட்டுக்கொண்டேன். இரண்டாவது பச்சைப் பொய். சாந்து கலக்கத் தெரியாத ஆளைப் பார்த்தால் அவள் வாயில் வராத சொல் கிடையாது. செத்தவர்களை எல்லாரும் சேர்ந்து மேடு பள்ளம் தெரியாமல் பூசிவிடுகிறார்கள். அம்மா எப்படிப்பட்டவள் என்று யாராவது என்னைக் கேட்டால், ஒரு மழைநாள் மத்தியானத்தைச் சொல்வேன்.

நான் அவளுடைய ஒரே மகள். கட்டடங்களின் பலத்தைச் சோதிக்கும் அலுவலகத்தில் பொறியாளர். அப்பா நான் பள்ளிக்கூடம் சேரும் முன்பே வேறொரு குடும்பத்துக்குப் போய்விட்டார். அவரைப் பற்றி எழுத எதுவும் இல்லை.

அம்மாவின் வேலை, பழைய வீடுகளில் பூச்சு தொங்கிப்போன சுவர்களையும் சீலிங்குகளையும் சரிசெய்வது. கான்கிரீட்டுக்கு முந்தைய காலத்துச் சீலிங்குகள். மரச்சட்டங்களின் அடியில் மெல்லிய ரீப்பர் மரப் பட்டிகளைச் சந்து விட்டு வரிசையாக அடித்திருப்பார்கள். அதன் மீது கீழிருந்து சுண்ணாம்புச் சாந்தை அழுத்திப் பூசியிருப்பார்கள். சாந்து சந்துகளில் பிதுங்கி ஏறி, பின்பக்கம் மடிந்து இறுகிக்கொள்ளும். அம்மா அதைப் 'பிடி' என்பாள். நாம் அண்ணாந்து பார்ப்பது கீழ்ப்பக்கத்தை. தாங்குவது கண்ணுக்குத் தெரியாத அந்தப் பிடிகள். அவை ஒடிந்தால் பூச்சு பட்டியைவிட்டுப் பிரிந்து தொப்பை மாதிரி இறங்கும். பிறகு ஒரு நாள் விழும்.

மற்றவர்கள் இடித்துத் தள்ளிவிட்டுப் புதிதாகப் போடுவார்கள். அம்மா தூக்கி ஒட்டுவாள். மேல்தளத்துப் பலகையைக் கழற்றி, ஒடிந்த துண்டுகளைக் கையாலேயே அள்ளி எடுப்பாள். அவை நடுவில் கிடந்தால் பூச்சு மறுபடி போய்ப் பொருந்தாது. பிறகு கம்பளி சுற்றிய பலகையைத் தொங்கலுக்கு அடியில் கொடுத்து, ஜாக்கி முட்டுக் கம்பத்தைத் திருகித் திருகி ஏற்றுவாள். பொருந்தியதும் பசை செலுத்தி, அகல வாஷர் போட்ட திருகாணிகளால் இறுக்குவாள்.

எங்கே பிடி விட்டிருக்கிறது என்று கண்டுபிடிக்க அவளிடம் இருந்தது நடுவிரல் முட்டிதான். கெட்டியான சத்தம் வந்தால் நல்லது. உள்ளே காலியாக ஒலித்தால் கெட்டது. அந்தப் பக்கத்தில் அவளுக்கு 'டொக்டொக் அக்கா' என்று பெயர். சொந்தக்காரர் வீட்டுக்குப் போனாலும் விரல் சும்மா இருக்காது. "ஆளைப் பாக்க வந்தியா, செவுத்தைப் பாக்க வந்தியா?" என்று பெரியம்மா கேட்பாள். "செவுருதான் ஒழுங்கா பதில் சொல்லுது" என்பாள் அம்மா.

கடைசியில் மருத்துவமனையில் டாக்டர் அவள் முதுகில் விரலை வைத்துத் தட்டிப் பார்த்தார். மந்தமான, கெட்டியான சத்தம். அம்மா என் பக்கம் திரும்பிச் சிரித்தாள்.

"பாத்தியா, கெட்டியாத்தான் இருக்கு."

சுவரில் அது நல்ல சத்தம். நுரையீரலில் அது நீர் கோத்த சத்தம். நான் "ஆமாம்மா" என்றேன்.

அந்த மழைநாள் மத்தியானத்தில் அவளுக்கு இருமல் மட்டும்தான் இருந்தது. சுண்ணாம்புத் தூசியில் எல்லாருக்கும் வருவதுதான் என்றாள். கனமான முட்டுகளைத் தூக்கவிடக் கூடாது என்பதற்காக, விடுமுறை கிடைக்கும்போதெல்லாம் நான் அவளுடன் போய்க்கொண்டிருந்தேன்.

கூப்பிட்டது ஒரு பெண். பக்கத்துத் தெருவில் அம்மா செய்த வேலையைப் பார்த்து எண் வாங்கியவர். "என் வீட்டுக்காரர் கட்டிலுக்கு மேல கோடு விட்டிருக்கு. காலையில இருந்து நீளுது" என்றார். மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. வேனில் இரண்டு ஜாக்கி முட்டுகள் மட்டும் இருந்தன. மற்றவை வேறொரு வீட்டில் நின்றுகொண்டிருந்தன. அதோடு போனோம்.

நீளமான அறை. ஒரு பக்கம் வெளிச்சுவர், மறுபக்கம் பின்னால் எழுப்பிய மெல்லிய தடுப்புச் சுவர். வெளிச்சுவர் ஓரமாக இரும்புக் கட்டில். அதில் வாட்டசாட்டமான ஒருவர் அசையாமல் மல்லாந்து கிடந்தார். நெடுந்தூர லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். தெருவே அவரை டிரைவர் என்றுதான் சொல்லும். முதுகுத்தண்டில் ஆபரேஷன் ஆகி வந்திருந்தார். மருத்துவமனை கொடுத்த பலகை கட்டிலுக்கு அடியில் இருந்தது. அதில் கிடத்தி, நான்கு பேர் ஒரே மட்டத்தில் தூக்கினால் தவிர அவரை நகர்த்தக் கூடாது என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். ஒரு குலுக்கல் போதும், கால்கள் போய்விடும்.

கட்டிலையே இழுக்கலாமா என்று பார்த்தேன். நான்கு கால்களும் செங்கல் அடுக்கின் மேல் நின்றன.

"குனிஞ்சு குனிஞ்சு தொடச்சு என் இடுப்பு விட்டுப்போச்சு. அதான் ஏத்தி வெச்சேன்" என்றார் டிரைவரின் மனைவி. அவரை அக்கா என்று கூப்பிட ஆரம்பித்திருந்தாள் என் அம்மா.

"ஆம்புலன்ஸ்?"

"ரோட்டுல தண்ணியாம். வரோம் வரோம்னுதான் சொல்றாங்க."

"சொல்றதுக்கு பெட்ரோல் செலவாகாதுல்ல" என்றார் டிரைவர், மேலே பார்த்தபடியே. "வாம்மா. ஆபரேஷன் ஆனதுல இருந்து எனக்கு இந்த மோட்டுவளைதான் டிவி. நேத்து வரைக்கும் ஒரே படம். இன்னிக்குத்தான் கதை நகருது."

அம்மா சிரிக்கவில்லை. அண்ணாந்து பார்த்தாள். வெளிச்சுவர் ஓரம் ஈரம் படர்ந்திருந்தது. மேலே கூரைத் தண்ணீர் இறங்கும் குழாய் அடைத்து, தண்ணீர் உள்ளே திரும்பியிருந்தது. ஈரத்தில் தொடங்கி, டிரைவரின் முகத்துக்கு மேலாக, கால்மாடு வரை சீலிங் இறங்கியிருந்தது. அம்மா ஸ்டூல் மேல் ஏறி, ஓரத்தில் ஒருமுறை தட்டினாள். ஒரே ஒரு முறை. சாதாரணமாக ஒரு சீலிங்கைப் பத்து இடத்திலாவது தட்டிவிட்டு, சாக்பீஸால் வட்டம் போடுவாள். அன்றைக்கு விரலை மடக்கிக்கொண்டு இறங்கிவிட்டாள். இன்னொரு தட்டைக்கூட அது தாங்காது என்று புரிந்தது.

"அக்கா, நாலு பேர் வேணும். திடமான ஆளுங்க. இப்பவே."

"மூலையில டயர் கடை இருக்கு."

"ஓடுங்க."

அவர் குடைகூட எடுக்காமல் மழையில் ஓடினார்.

நான் பக்கத்து அறைக் கதவைக் கீலிலிருந்து கழற்றிக்கொண்டு வந்தேன். கட்டிலின் இரு பக்கமும் ஒவ்வொரு முட்டு. அவற்றின் தலையில் அந்தக் கதவு, அதன் மேல் மடித்த கம்பளி. கதவு டிரைவரின் தலையிலிருந்து வயிறு வரைக்கும் குறுக்கே நின்றது.

"காலுக்கு?" என்றார் அவர்.

"முட்டு ரெண்டுதான் இருக்கு அண்ணே."

"அப்ப காலு உன் பொறுப்பு. பாத்துக்க."

அம்மா ஜாக்கியைத் திருகினாள். கம்பளி சீலிங்கைத் தொட்டது. பலகை தொட்டதும் இன்னும் கொஞ்சம் ஏற்றி, தொங்கலின் எடையை முட்டுக்கு மாற்றிவிட வேண்டும் என்பது அவள் வழக்கம். கிழச் சீலிங்குகள் வளைந்து கொடுக்கும். அவள் எத்தனையோ வீட்டில் செய்தது. ஒரு பக்கம் ஒரு சுற்று, மறுபக்கம் ஒரு சுற்று.

நான் கட்டிலைத் தாண்டி, இறங்காத ஓரத்தில், ஸ்டூலில் ஏறி, திருகாணி போட நீளக் கம்பி மாட்டிய டிரில்லரால் துளை போட்டுக்கொண்டிருந்தேன். விரல் கனத்துக்கு உள்ளே போனதும் மரப்பட்டி தட்ட வேண்டும். தட்டவில்லை. இன்னும் போனது. வெள்ளைத் தூள் கொட்டிக்கொண்டே இருந்தது. மூன்று விரல் கனம் போன பிறகுதான் மரத்தில் இடித்தது.

"அம்மா, நிறுத்து."

"இன்னும் ஒரு சுத்துடி."

"நிறுத்தும்மா! இது தடிச்ச பூச்சு. வளையாது, ஒடிஞ்சுரும்."

அவள் கை ஏற்கனவே திருகிவிட்டது. காய்ந்த குச்சியை ஒடித்த மாதிரி ஒரு சத்தம். கதவின் விளிம்பிலிருந்து வெளிச்சுவர் வரை ஒரு பிளவு ஓடியது. கால்மாட்டுப் பக்கம் இருந்த பகுதி தனியாகக் கழன்று, ஒரு விரல் கீழே இறங்கி நின்றது. அதை எது பிடித்துக்கொண்டிருந்தது என்று எனக்குத் தெரியவில்லை. டிரைவரின் முகத்தில் தூள் விழுந்தது. அவர் கண்ணை மூடித் திறந்தார்.

"என்ன பொண்ணு, என்ன ஆச்சு?"

"பூச்சு ரொம்ப மொத்தமா இருக்கு சார். இருக்க வேண்டியதைவிட மூணு மடங்கு."

"மனுஷனுக்குப் புரியற மாதிரி சொல்லு."

மனதுக்குள் கணக்குப் போட்டேன். "உங்க கட்டில் அகலத்துக்கு மட்டும் உங்களைப் போல ஒன்றரை ஆள் எடை."

"நான் ஒருத்தன் படுத்தே கட்டில் அழுவுது. மேல ஒன்றரை டிரைவரா?"

அம்மா டார்ச்சை எடுத்துச் சீலிங்குக்கு ஒட்டினாற்போல் பக்கவாட்டில் பிடித்தாள். நேராக வெளிச்சம் அடித்தால் தெரியாத மேடு பள்ளமெல்லாம் பக்கவாட்டு வெளிச்சத்தில் நிழல் விழுந்து தெரியும். கரண்டி இழுத்த தடங்கள் தெரிந்தன. பிறை பிறையாக, அடுத்தடுத்து. எல்லாப் பிறைகளும் தப்பான பக்கம் வளைந்திருந்தன.

பூச்சுக்காரர்களுக்கு வலது கைதான். அதில் விழும் தடம் எப்படி வளையும் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் எங்கள் வீட்டுச் சுவரில் அது வேறு மாதிரி இருக்கும். அம்மா இடது கைக்காரி. சிறு வயதில் சித்தாளாகச் சாந்து சுமந்தவள், பூச்சு ஆள் வராத ஒரு நாள் கரண்டியைக் கையில் எடுத்திருக்கிறாள். மேஸ்திரி "சோத்துக் கையால பூசுடி" என்று கத்தினாராம். "செவுத்துக்கு எந்தக் கைன்னு தெரியுமா?" என்று கேட்டாளாம். அன்றிலிருந்து அந்த ஊரில் சீலிங் பூசிய இடது கைக்காரி அவள் ஒருத்திதான்.

நான் அவளைப் பார்த்தேன். அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தடுப்புச் சுவரை. அறையை மனதுக்குள் பழைய அகலத்துக்கு விரித்துப் பார்க்கிறாள் என்று புரிந்தது.

"இந்த வீட்டை ரெண்டாப் பிரிச்சுட்டாங்களா அண்ணே?"

"நான் வாங்கும்போதே பாதிதான். வாசலையும் இந்தத் தெருப்பக்கம் திருப்பிட்டாங்க. அது கெடக்கட்டும். எந்த மகராசன்மா இப்படி அப்பி வெச்சான்? அவனைக் கொண்டாந்து இந்தக் கட்டில்ல போடணும்."

 அம்மா சொல்லாமல் விட்டுவிடலாம். யாருக்கும் தெரியாது. எனக்கும் அவளுக்கும் தவிர.

"நான்தான் அண்ணே."

டிரைவரால் தலையைத் திருப்ப முடியாது. கண்ணை மட்டும் திருப்பினார்.

"என்னது?"

"நான் தனியாப் பூசுன முதல் சீலிங்கு. நடுவுல லேசா இறங்கியிருந்துச்சு. அப்ப இருந்த வீட்டுக்காரரு விருந்தாளி வராங்க, சீக்கிரம் சமமாக்குன்னாரு. எனக்குத் தூக்கத் தெரியாது அப்ப. இறங்குனதை அப்படியே விட்டுட்டு, சுத்தி இருந்ததை அது மட்டத்துக்குக் கனமாப் பூசிக் கொண்டாந்துட்டேன். ரசமட்டம் வெச்சுப் பாத்தா குமிழி நடுவுல நின்னுச்சு. பிரமாதம்னு சொன்னாரு."

மேட்டை இறக்கிப் பள்ளத்தோடு சேர்ப்பது. கண்ணைச் சமத்துக்குப் பழக்கியவர்களால்தான் அந்தத் தப்பைச் செய்ய முடியும். வேறு யாராவது செய்திருந்தால் அசிங்கமாகத் தெரிந்திருக்கும். முன்பே இடித்திருப்பார்கள்.

டிரைவர் கண்ணை மறுபடி மேலே கொண்டுபோனார்.

"ஏம்மா," என்றார், "இதைச் சொல்ற நேரமா இது? நான் இங்க எந்திரிச்சு ஓடவும் முடியாமக் கெடக்கறேன்."

"உங்களுக்கு மேல இருக்கறது என்னன்னு உங்களுக்குத் தெரியணும் அண்ணே."

கழன்ற பகுதி மெல்லக் கிரீச்சிட்டது.

ஜாக்கியை இறக்கக் கூடாது. ஏற்றவும் கூடாது. எடை இப்போது பாதி கதவின் மேல் உட்கார்ந்திருந்தது. அது நிற்கும், தரை கல் தரை, முட்டு நேராக இருக்கிறது என்று சரிபார்த்தேன். நிற்காதது கால்மாட்டுத் துண்டு. அதற்கு அடியில் டிரைவரின் முழங்காலும் பாதமும் இருந்தன. அம்மா சாந்துப் பலகையை எடுத்தாள். ஸ்டூலைக் கட்டிலின் கால்மாட்டில் போட்டு ஏறி, பலகையை இரண்டு உள்ளங்கையாலும் மேலே ஏந்தினாள்.

"இறங்கும்மா, நான் பிடிக்கறேன்."

"உனக்கு எட்டாதுடி. நீ உங்கப்பன் உயரம்."

உண்மைதான். ஸ்டூல் மேல் ஏறினாலும் எனக்கு ஒரு சாண் குறையும். ஸ்டூல் மேல் போட எதையாவது தேடினேன். செங்கல் இருந்தது, கட்டிலுக்கு அடியில். நான் கட்டிலின் மறுபக்கம் போய், பிளவின் ஓரத்தில் துடைப்பக் கட்டையை முட்டுக் கொடுத்து நின்றேன். அது எவ்வளவு தாங்கும் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் நின்றேன்.

அம்மாவுக்கு இருமல் வந்தது.

முதல் இருமலிலேயே பலகை அதிர்ந்தது. கட்டில் மேல் சுண்ணாம்புத் துண்டுகள் விழுந்தன. உள்ளங்கை அளவு ஒன்று டிரைவரின் போர்வையில் விழுந்து உருண்டது. அவள் உதட்டைக் கடித்து அடக்கினாள். கழுத்து நரம்பு புடைத்தது. முகம் கறுத்துக்கொண்டே போனது.

"வாயை மூடு," என்றார் டிரைவர். குரல் மாறியிருந்தது. "மூக்கால இழு. மெதுவா. பேசாத. நான் பேசறேன், நீ கேளு."

அம்மா மூக்கால் இழுத்தாள்.

"ஒரு தடவை மலைப்பாதையில முழு லோடோட இறங்கறேன். பிரேக் இல்ல. மிதிச்சா தரை வரைக்கும் போகுது. கிளீனர் குதிக்கலாம்ணே குதிக்கலாம்ணேங்கறான். குதிச்சா வண்டி யாரு மேலயாவது போயிரும். கியரைக் குறைச்சுக் குறைச்சு, மலைப்பக்கமா உரசி உரசி... நீ மூக்கால இழு, நிறுத்தாத... உரசிக்கிட்டே வந்தேன். ஒரு பக்கம் தகரம் மொத்தமும் போச்சு. கீழ வந்து நின்னதும் முதலாளி என்ன கேட்டான் தெரியுமா? தகரம் ஏன் நசுங்கிச்சுன்னு கேட்டான்."

அம்மாவின் வயிறு குலுங்கியது. சிரிப்பு.

"சிரிக்காத! சிரிச்சா செத்தேன் நான். உன்னை அப்புறம் கவனிச்சுக்கறேன். இப்ப ஏந்திக்க."

வாசலில் காலடிச் சத்தம். அக்கா நான்கு பேரோடு வந்துவிட்டார். மூன்று பேர் டயர் கடைக்காரர்கள். நான்காவது ஆள் பாதி முகத்தில் சோப்பு நுரையோடு நின்றார். டயர் கடைக்குப் பக்கத்துச் சலூனில் உட்கார்ந்திருந்தவரைத் துண்டோடு இழுத்து வந்திருந்தார்.

"யாரும் முட்டு மேல உரசக் கூடாது" என்று நான் கத்தினேன். "ரெண்டு பேர் தலைமாடு. ரெண்டு பேர் கால்மாடு, அம்மாவோட ஸ்டூலுக்கு ரெண்டு பக்கமும். ஆஸ்பத்திரிப் பலகையை அவருக்கு அடியில விட்டுட்டு, நான் சொன்னதும் ஒண்ணாத் தூக்குங்க. கால் பக்கமா இழுத்துக்கிட்டு வாங்க. கதவுக்கு அடியில குனிஞ்சு வரணும்."

"குனிஞ்சுக்கிட்டுத் தூக்கறதா?" என்றார் பாதி முகம்.

"மொணமொணன்னு பேசாம தூக்குய்யா" என்றார் டிரைவர். "மீதி முகத்தை நானே செரச்சு விடறேன்."

பலகை அடியில் போனது. தூக்கினார்கள். டிரைவர் ஒரு சத்தமும் போடவில்லை. அவருடைய கை கட்டில் கம்பியைப் பிடித்திருந்தது, கடைசி நேரத்தில்தான் விட்டது. அவர் கதவுக்கு அடியிலிருந்து வெளியே வந்தார். அம்மாவின் விரிந்த கைகளுக்குக் கீழாக, ஸ்டூலைச் சுற்றி, ஒரே மட்டத்தில் நகர்ந்தார். வாசல் நிலை. திரும்பி, அடுத்த அறை.

உள்ளே நானும் அவளும் மட்டும் இருந்தோம்.

"நீ போ" என்றாள்.

"நீ கையை எடுத்தா உன் மேலதான் விழும்."

"தெரியும். போடி."

நான் துடைப்பக் கட்டையை விட்டுவிட்டு, ஸ்டூலுக்குப் பின்னால் போய் அவள் இடுப்பை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டேன். "மூணு சொன்னதும் கையை விடு. நான் பின்னால இழுப்பேன்." நான் மூன்று சொல்வதற்குள் அவளுக்கு இருமல் வந்துவிட்டது.

இழுத்தேன். இருவரும் வாசல் பக்கம் மல்லாந்து விழுந்தோம். துண்டு முழுதாக, ஒரே பலகைபோல் இறங்கியது. தூசி அடங்கியதும் பார்த்தோம். கட்டிலின் கால்மாட்டுக் கம்பி உள்வாங்கி, மெத்தையைத் தொட்டுக்கொண்டிருந்தது. தலைமாட்டில் கதவு தாங்கிய பாதி அப்படியே நின்றது.

அடுத்த அறையில் அக்கா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "தெய்வம் மாதிரி வந்தே" என்றார். அம்மா கையை மெதுவாக விடுவித்துக்கொண்டாள். டிரைவரைப் பார்த்தாள். நீங்கள் சொல்கிறீர்களா, நான் சொல்லட்டுமா என்று கேட்கிற பார்வை.

"இவதான் பூசினாளாம்" என்றார் டிரைவர்.

"எதை?"

"விழுந்ததை."

அக்காவுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் தெரு முழுக்கக் கேட்கிற மாதிரித் திட்டினார். தினமும் அதற்கு அடியில் நின்று அவரைத் துடைத்துவிட்டதை, பேரக் குழந்தை வந்தால் அந்தக் கட்டிலிலேயே தூங்குவதை, எல்லாவற்றையும் சொல்லிச் சொல்லித் திட்டினார். டயர் கடைக்காரர்கள் ஒவ்வொருவராக நழுவினார்கள். அம்மா நின்று கேட்டாள். அப்போது சின்ன வயசு, தெரியாமல் செய்தேன் என்று ஒரு வார்த்தை அவள் சொல்லவில்லை. சொல்வாள் என்று நான் எதிர்பார்த்தேன்.

"மிச்சத்தை நானே இறக்கிட்டு, நானே புதுசாப் போட்டுத் தரேன் அக்கா. எனக்கு எதுவும் வேண்டாம்."

"நீயா? மறுபடியுமா? உன்னை இந்த வாசப்படி ஏற விடுவேன்னு நெனச்சியா?"

"விடு" என்றார் டிரைவர். பலகையில் கிடந்தபடியே அம்மாவைப் பார்த்தார். "நான் வண்டி ஓட்டுன காலத்துல, பிரேக் வேலை பாத்த மெக்கானிக்கைப் பக்கத்து சீட்டுல உக்கார வெச்சுத்தான் முதல் ரவுண்டு போவேன். ஏற மாட்டேன்னா வண்டியை எடுக்க மாட்டேன். நீ போடு. போட்டுட்டு, அடியில நீ முதல்ல படு. நான் வாசல்ல உக்காந்து பாக்கறேன். அப்புறம் நான் படுக்கறதா வேண்டாமான்னு சொல்றேன்."

"சரி அண்ணே."

அடுத்த வாரங்களில் அம்மா அந்த அறையை வெறும் சட்டமாக்கினாள். மேலே தண்ணீர்க் குழாயை முதலில் மாற்றினாள். நான் லேசான ஜிப்சம் பலகை போட்டுவிடலாம் என்றேன். பாதுகாப்பு, சீக்கிரம் முடியும். "பலகை போட்டா அவருக்கு நான் என்ன பதில் சொல்றது?" என்றாள். சண்டை போட்டோம். முடிவில் புதுப் பட்டிகளுக்கு அடியில் என் கம்பி வலை போனது, அதன் மேல் அவளுடைய சாந்து, ஒரு விரல் கனத்துக்கு மேல் போகாமல். எத்தனை இடத்தில் துளை போட்டுக் கனத்தை அளந்தேன் என்று அவளுக்குத் தெரியும். ஒரு தடவைகூட "என் மேல நம்பிக்கை இல்லையா?" என்று கேட்கவில்லை. இருமல் அதிகமாகியிருந்தது. முகத்தில் துணி கட்டு என்றால் கட்டுவாள், நான் திரும்பியதும் இறக்கிவிடுவாள்.

பூச்சு காய்ந்த பிறகு ஒரு நாள் காலையில் கட்டிலை உள்ளே கொண்டுவந்து போட்டோம். கம்பியை நிமிர்த்தியிருந்தார்கள். டிரைவர் அதற்குள் சக்கர நாற்காலியில் உட்காரத் தொடங்கியிருந்தார். அவரை வாசல் நிலைக்கு வெளியே நிறுத்தினார் அக்கா. அக்கா அதுவரை அம்மாவிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு, கட்டிலில் ஏறி மல்லாந்து படுத்தாள். நகக்கண்ணில் சுண்ணாம்பு இருந்தது. கையை எங்கே வைப்பது என்று தெரியாதவள்போல் கொஞ்ச நேரம் வயிற்றில் வைத்தாள், பிறகு பக்கவாட்டில் போட்டாள்.

"எப்படி இருக்கு?" என்றார் டிரைவர் வாசலிலிருந்து.

"சமமா இருக்கு அண்ணே."

"அன்னிக்கும் சமமாத்தான் இருந்துச்சு."

அம்மா மேலேயே பார்த்துக்கொண்டிருந்தாள். அவரும் அவளையும் சீலிங்கையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். மேல்தளத்தில் யாரோ நடந்தார்கள். தூசி ஒரு பொட்டுகூட விழவில்லை. பேருந்து ஒன்று தெருவை அதிர வைத்துக்கொண்டு போனது. ஒன்றும் ஆகவில்லை.

"அண்ணே, போதுமா?" என்று அவள் கேட்பாள் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. கிட்டே போய்ப் பார்த்தேன். கண் மூடியிருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. பல நாள் தூக்கம்.

அக்கா காபி டம்ளரோடு வந்து நிலைக்கு வெளியே நின்றார்.

"தூங்கிட்டாளா?" என்றார் டிரைவர்.

"ஆமாங்க."

"எழுப்பாத."

"அப்ப நீங்க எங்க படுப்பீங்க?"

"நான் உக்காந்துக்கறேன்."

அவர் நாற்காலிச் சக்கரத்தில் இரண்டு கையையும் வைத்தார். அக்கா டம்ளரைத் தரையில் வைத்துவிட்டு ஓடிவந்து பின்னாலிருந்து பிடித்தார். அவர் கையைத் தட்டிவிட்டார். தானே தள்ளிக்கொண்டு நிலையைத் தாண்டினார். அறைக்குள் வந்து, கட்டிலுக்குப் பக்கத்தில், அம்மாவின் தலைமாட்டில், அந்தச் சீலிங்குக்கு நேர் கீழே நிறுத்திக்கொண்டார்.